ஏழாவது கை

மாட்டுநாக்கு வறுவல் டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனபிறகு என் முறை வந்தது.

எரிச்சல் குடல் நோய்க்கு எது மருந்து, எது மருந்தில்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடியவர்களுக்கு மதியச் சாப்பாடு, கொழுப்பு வழியும் செண்டாய் நகரத்து மாட்டுநாக்கும் மிளகாய் ஊறுகாயும். குழுத் தலைவர் தோகாஷியின் உபசாரம். யாரும் மிச்சம் வைக்கவில்லை. வைக்க முடியாது.

பத்துப் பேர். ஏழு கை எழுந்தால் ஒரு சிகிச்சை வழிகாட்டிப் புத்தகத்தில் ஏறும்.

ஏறினால் ஆஸ்பத்திரியில் என் சின்ன அறை பிழைக்கும். ஏறாவிட்டால் ஏப்ரலில் அது பழைய எண்டோஸ்கோப்பிக் குழாய்களுக்குப் போய்விடும். அங்கே வரும் முப்பத்தொரு பேரும் மறுபடி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயிலாகப் பார்த்து ஏறி, கழிப்பறை கழிப்பறையாக இறங்கி, வேலைக்குப் போகவேண்டியதுதான்.

எனக்கு ஓட்டுக் கிடையாது. சிகிச்சை செய்கிறவளே கை தூக்கினால் நன்றாகவா இருக்கும்?

காலையில் நல்ல பாக்டீரியாப் பொடி ஒன்பது கை வாங்கியிருந்தது. அதன் வரைபடங்கள் நாலு வண்ணத்தில் இருந்தன. வெறும் மாவு மாத்திரையிலேயே பத்துக்கு நாலு பேர் தேறிவிடுகிறார்களே என்று ஒருவர் இருமிக்கொண்டே சொன்னார். குறிப்பேட்டில் இருமலும் ஏறவில்லை, அவர் சொன்னதும் ஏறவில்லை.

"அறிதுயில் சிகிச்சைன்னு அழகா எழுதியிருக்கீங்க, டாக்டர் மினெகிஷி," என்றார் தோகாஷி. "ஹிப்னாடிசம்னே சொல்லிடுங்களேன். தொப்பிலேருந்து முயல் கியல் எடுக்கறதும் உண்டா?"

நன்றாகச் சிரித்தார்கள்.

குடலை ஓர் ஆறாக நினைக்கச் சொல்லுவோம் என்று ஆரம்பித்தேன். மாத்திரைக்குப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம், போலி ஆற்றை எந்தக் கடையில் வாங்குவது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வெறும் ஆறுதல் பேச்சுக் கேட்டவர்களோடு ஒப்பிட்டிருக்கிறோம் என்றேன். ஆட்கள் குறைவு, ஆனால் ஒரு வருஷம் கழித்தும் குணம் நின்றிருக்கிறது.

மூத்த பேராசிரியர் குரமோச்சி ஒன்றும் கேட்கவில்லை.

கதவிலிருந்து ஆகத் தொலைவான நாற்காலி அவருடையது. மூத்தவர்களை எங்களூரில் அப்படித்தான் உட்கார வைப்போம். 'குடல் ஒரு குழாய். குழாய்க்குக் கதை சொல்லாதீர்கள்' என்பது அவர் பாடநூலின் முதல் வரி. அதை மனப்பாடமாகச் சொல்லாமல் இந்த நாட்டில் யாரும் வயிற்று டாக்டர் ஆகிவிட முடியாது.

அவர் இரண்டு தடவை கதவைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. அவருக்கும் கதவுக்கும் நடுவில் ஒன்பது ஜோடி முழங்கால்கள், ஒரு புரொஜெக்டர் வயர்.

"நோயாளிக்குச் சொல்றதுல சும்மா ரெண்டு வரி படிச்சுக் காட்டுங்களேன்," என்றார் தோகாஷி. "சாப்பாடு செரிக்கட்டும்."

படித்தேன்.

வயிற்றின்மேல் கைகளை வையுங்கள். உள்ளே ஓர் ஆறு. இன்று அது சுழித்துக்கொண்டு ஓடுகிறது. ஓடட்டும். நீங்கள் கரையில்தான் இருக்கிறீர்கள்.

ஒருவரும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. குரமோச்சியின் கைகள் மட்டும் மேஜையிலிருந்து இறங்கின. தொப்புளுக்குக் கீழே, இடது கை, அதன்மேல் வலது கை. கண்கள் மூடின.

இரண்டு வரியோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கடைசிப் பனி விழுந்துகொண்டிருந்தது. புரொஜெக்டரின் நீல வெளிச்சம் மேஜையில் வழிந்து தரைக்கு இறங்கியது. காகிதங்கள் மெல்ல மிதந்தன. தோகாஷியின் குரல் எங்கோ அக்கரையில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல் கேட்டது. சுழல் இளகி, தண்ணீர் தன் கூழாங்கற்களைக் கண்டுகொண்டு, அவசரமே இல்லாமல் கடலைப் பார்த்துப் போயிற்று. குரமோச்சியின் தாடை தளர்ந்தது. நெற்றி காய்ந்தது. முழுப் பக்கமும் முடிந்துவிட்டிருந்தது.

"பரிந்துரைக்கலாம்னு நினைக்கறவங்க?"

ஆறு கை எழுந்தது. தோகாஷியே திடுக்கிட்டுவிட்டார்.

மூன்று பேர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லோருமாகக் குரமோச்சியைப் பார்த்தார்கள்.

அவர் அசையவில்லை.

கூட்டத்தில் இளையவன் கண்ணை மூடினால் அது தூக்கம். மூத்தவர் மூடினால் சிந்தனை. அதைக் கலைத்த பாவத்தை இதுவரை யாரும் கட்டிக்கொண்டதில்லை.

அவரைத் திரும்ப அழைக்கும் வழி எனக்குத் தெரியும். ஒன்பது பேர் முன்னால் அதைச் செய்யக்கூடாது என்பதும் தெரியும். படித்த தாளை மடித்துவைத்தேன்.

தோகாஷி ஒரு முழு நிமிஷம் காத்திருந்தார்.

"ஒரு வார்த்தை பேசாம எதிர்க்கறதுன்னா இதுதான்," என்றார் பக்கத்திலிருந்தவரிடம், மெய்சிலிர்த்து. "பெரியவர் பெரியவர்தான்யா."

'ஆதாரம் போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிந்தனை கலையாதபடி ஒன்பது பேரும் நுனிக்காலில் காப்பி குடிக்கப் போனார்கள். கதவைக்கூட ஓசையில்லாமல் சாத்தினார்கள்.

நான் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, அவரை எழுப்ப ஐந்துவரை எண்ணினேன். மூன்று மாதமாகப் புதன்கிழமைகளில், ஆஸ்பத்திரியின் பின்படிக்கட்டு வழியாக வேறு பெயரில் என் அறைக்கு வந்துபோகிற இவருக்கு எப்படி எண்ணுவேனோ, அதே குரலில்.

ஒன்று. கரை தெரிகிறது. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

குரமோச்சி கண்ணைத் திறந்தார். திறந்த வேகத்தில் வலது கையை, தோள்பட்டை நோக, நேராக மேலே தூக்கினார்.

தூக்கிய கையோடு மேஜையைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கேம்மா எல்லாரும்?"