பன்னிரண்டாவது பாட்டில்

ஒரு வீட்டின் நிலவறையில், பிரான்சிலிருந்து வந்த சிவப்பு ஒயின் பாட்டில்கள் பன்னிரண்டு படுத்துக் கிடந்தன. "அவசரப்படாம வச்சிருந்தா அமிர்தமாயிடும்" என்பார் வீட்டுக்காரர். பக்குவம் வந்துவிட்டதா என்று பார்க்கச் சில வருஷத்துக்கொரு முறை ஒன்றை மேலே எடுத்துப் போவார்.

முதல் பாட்டிலைத் திறந்த அன்று, "ஐயோ, துவர்ப்பு நாக்கைப் பிடிக்குதே!" என்று ஏழெட்டுக் குரல்கள் கத்தின. அப்புறம் வீடே அதிர ஒரே சிரிப்பு. கீழே ஓரத்தில் கிடந்த பாட்டிலுக்கு அவமானமாகப் போய்விட்டது.

"நாம இப்படிப் போய் நிக்கக் கூடாது" என்றது தன் தக்கையிடம். "நல்லாக் கனிஞ்ச பிறகுதான் போகணும்."

"சரி" என்று தக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

வருஷங்கள் ஓடின. பக்கத்து இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மேலே குரல்களும் குறைந்துகொண்டே வந்தன. பாட்டிலுக்குள் கருஞ்சிவப்பு மெல்லச் செங்கல் நிறமாயிற்று. துவர்ப்பு அடங்கிப் பட்டுப்போல் ஆனது.

ஒருநாள் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். தூசியைத் துடைத்து, லேபிளில் இருந்த வருஷத்தைப் படித்தார். பாட்டிலை மடியில் வைத்தபடி வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அதைப் பழைய இடத்திலேயே படுக்க வைத்துவிட்டு ஏறிப் போனார்.

"நமக்கு இன்னும் பக்குவம் வரலியா?" என்று கேட்டது தக்கை.

"அதெல்லாம் எப்பவோ வந்தாச்சு."

"அப்புறம் ஏன் திறக்கல?"

மேலே ஒரே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"முதல்ல போனானே, அவன் எப்படித் துவர்த்தான்!" என்றது பாட்டில். "அன்னிக்கு எல்லாரும் இருந்தாங்க."