மிதப்பிலும் நட்சத்திரம்

அனலைதீவுக்கு அப்பால் காற்று விழுந்து கிடக்கிறது. உச்சி வெயிலில் கடல் தகரம்போல மினுங்குகிறது. மீன் வலையோடு வள்ளத்தில் ஏறிவந்த வாள் றொபேட்டின் மடியில் கிடக்க, அதன் பிடியைச் சுற்றி வலை முறுகியிருக்கிறது. சும்மா விட்டிருந்தால் அது சிப்பி ஒட்டின இரும்புத் துண்டுதான். அவன்தான் ஆசைப்பட்டுக் கத்தியால் சுரண்டிவிட்டான். துருவுக்கடியில் இப்போது பொன் கம்பி பதித்த ஆறுமூலை நட்சத்திரம் ஒன்று தெரிகிறது; பக்கத்தில் நாலு கட்டம், கட்டத்துக்கொரு அரபு எழுத்து. "அண்ணை, எங்கடை நட்சத்திரமெல்லோ இது?" தங்கள் வலை இன்னதென்று தெரிய, அதன் ஒவ்வொரு மிதப்புக் கட்டையிலும் அப்பர் சிவப்புப் பெயின்ரால் போட்டுவைத்த அதே நட்சத்திரம். தமையன் பஸ்ரியாம்பிள்ளை வாளை விட்டுக் கடலைப் பார்க்கிறான். கடற்படை ரோந்துப் படகின் இரைச்சல் நெருங்குகிறது. யாழ்ப்பாணத்தில் வாள் வைத்திருந்தாலே வாள்வெட்டுக் குழு என்று பிடிக்கிற காலம். "எறியட்டோ?" "எறியாதை. தூரக்கண்ணாடியாலை பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்." படகு வந்து முட்டுகிறது. சீருடைக்காரன் குனிந்து வாளின் நட்சத்திரத்தில் விரலை வைக்கிறான். அந்த விரல் மெல்ல நகர்ந்து மிதப்பில் போய் நிற்கிறது. தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்கிறான்: "இதுவும் அதுவும் ஒரே குழு?"