கேமரா குறித்த முகூர்த்தம்

ஐயர் குறித்துக் கொடுத்த நேரத்தில் வெளிச்சம் சரியில்லை என்று கேமரா சொல்லிவிட்டது. ஜன்னல் வெயில் பெண்ணின் கன்னத்தில் விழும்போதுதான் தாலி ஏற வேண்டுமாம். தட்டில் காத்துக் கிடந்த தாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வெயில் வந்ததும், ஆசையாகத்தான் கழுத்துக்குப் போனது.

"அப்படியே நில்லுங்க மாப்பிள்ளை! முடிச்சு இப்ப வேண்டாம், விரல் பொண்ணு முகத்தை மறைக்குது" என்றது கேமரா.

கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை பறந்தது. கேமரா சுட்டுத் தள்ளியது.

"பிரமாதம்! வெயில் போறதுக்குள்ள ரெண்டு பேரும் தோட்டத்துக்கு ஓடுங்க!"

மாப்பிள்ளை கையை எடுத்தார். தாலி நழுவி மணையில் விழுந்தது.

"அண்ணே, எனக்கு இன்னும் முடிச்சே விழலையே!" என்று அலறியது.

"படத்துல விழுந்தாச்சு, போதும். கொஞ்சம் தள்ளிக்கோ, காலி மணையை ஒரு ஷாட் எடுத்துக்கறேன்."