புயலுக்கு மட்டும்

"கண்ணு பென்னி, அங்க மழை எப்படி? கடல்ல புயல் சின்னம்னு டிவியில சொன்னாங்களே, மனசு கேக்கல. அதான் போன் போட்டேன்" என்றாள் அமலி, மலை மேல் இருக்கும் நாகலூர் வீட்டின் முன்னறையில் நின்றபடி.

சென்னைக்குப் பிழைக்கப் போன தம்பி மறுமுனையில் சற்றுத் தயங்கினான்.

"அதையேங்க்கா கேக்கறீங்க? சென்னையில பேய் மழை. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டுத்தான் பேசறேன்."

அமலி போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இடுப்பளவா?"

"ஆமாங்க்கா. அங்க எப்படீங்க?"

"இங்க மட்டும் என்ன வாழுது? விடிஞ்சதுலருந்து நொம்பக் காத்து. சில்வர் ஓக் மரம் ரெண்டு சாஞ்சிருச்சு. வெளிய தலை காட்ட முடியல சாமி."

வெளியே ஒரே இரைச்சல். அமலி போய் சன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வது புயலுக்கு மட்டும்தான். ஒன்பது வருடத்துக்கு முன், அப்பா விட்டுப்போன அரை ஏக்கர் காபித் தோட்டத்தில் தன் பங்கை விற்க வேண்டும் என்றான் பென்னி. அமலி கையெழுத்துப் போட மறுத்தாள். வாய்ப்பேச்சு தடித்தது. "இனி இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று அவன் சொல்ல, "நானும் வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட மாட்டேன்" என்று இவள் சொல்ல, அத்தோடு சரி.

அந்த வருடமே வர்தா புயல் வந்து சென்னையைப் புரட்டிப் போட்டது. பொறுக்க முடியாமல் அமலி போன் செய்தாள். கஜாவுக்கு அவன் செய்தான். நிவர், மாண்டஸ், மிக்ஜாம், ஃபெஞ்சல் என்று புயலுக்கொரு பேச்சு. மழையைத் தவிர வேறெதுவும் இருவர் வாயிலும் வராது. வீம்பு என்பது அப்பா வழிச் சொத்து; அதில் மட்டும் அவர்களுக்குள் பங்குத் தகராறே கிடையாது.

ஆனால் இன்று அமலி மழையைத் தாண்டிப் பேசியாக வேண்டும். பொங்கல் கழிந்த மறுவாரம் மகள் ஈவ்லினுக்குக் கல்யாணம். கோயிலில் பூசைக்கு நடுவே கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. தாய்மாமன் எடுத்துத் தரும் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் கோயிலுக்குப் புறப்பட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பென்னியின் பெயர் எழுதிய பத்திரிகை பத்து நாளாக மேசை மேலேயே கிடக்கிறது.

கணவர் மரியஅந்தோணி துண்டால் முகத்தைத் துடைத்தபடி வாசலிலிருந்து வேகமாக உள்ளே வந்தார்.

"அமலி, ஒரு நிமிஷம்... வெளிய..."

அமலி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, சும்மா இருங்க. தம்பிகிட்டப் புயல் விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

அவர் மனைவியை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, ஞாபகம் இருக்குதா? எஸ்டேட் லைன் ஊட்டுல இருந்தப்போ புயல்ல கூரைத் தகரம் பறந்துச்சே?"

"மறக்குமாங்க்கா? அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக்குப் போயிருந்தாங்க. நீங்கதான் என்னைய மடியில போட்டு, மேல காபிச் சாக்கைப் போத்திக்கிட்டீங்க."

"நூறு வரைக்கும் எண்ணு, புயல் போயிரும்னு சொன்னேன். உனக்கு முப்பத்தொம்பதுக்கு மேல தெரியாது. மறுபடியும் ஒண்ணுலருந்து ஆரம்பிப்பே."

"இப்பவும் காத்தடிச்சா எண்ணத்தாங்க்கா செய்யறேன். அந்தச் சாக்கு வாசனைகூட வந்துருது."

அமலி மேசை மேலிருந்த பத்திரிகையைக் கையில் எடுத்தாள். தகரம் பறந்த வீட்டில், அந்த ஒரு சாக்குக்குள் இரண்டு பேரும் எவ்வளவு பத்திரமாக இருந்தார்கள்! அரை ஏக்கருக்கு ஆசைப்பட்டு அதைப் போய்த் தொலைத்தோமே என்று இருந்தது. இனியும் வீம்பு எதற்கு?

"பென்னி, ஈவ்லினுக்குக் கல்யாணம். மாமன் சேலை இல்லாம எம்புள்ளைய எப்படிக் கோயிலுக்கு அனுப்புவேன்? தப்பு எம்மேலதான்னே வெச்சுக்கோ. வந்துரு சாமி."

பதில் இல்லை. அமலி மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். முப்பத்தொன்பது வந்தது. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

திடீரென்று போனுக்குள் ஒரு பஸ் ஹாரன் அலறியது. அதே ஹாரன், அதே நொடியில், மூடிய சன்னலுக்கு வெளியேயும் கேட்டது.

"இதைத்தான் புள்ள நான் அப்பவே சொல்ல வந்தேன்" என்றார் மரியஅந்தோணி. "அரை மணி நேரமா அங்கயே நிக்கறான்."

அமலி ஓடிப்போய் சன்னலைத் திறந்தாள். பளீரென்ற வெயிலில், வாசல் முழுக்கக் காபிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் இரைச்சலாகச் சிரித்துப் பேசியபடி பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்பில், சொட்டு ஈரமில்லாத வேட்டியோடு, காதில் போனும் கக்கத்தில் சேலைப் பெட்டியுமாக நின்றிருந்தான் பென்னி.

"அக்கா," என்றது போன். "மழை விட்ட மாதிரி இருக்குதுங்க. உள்ள வரலாங்களா?"