இருந்தாரா, இருக்காரா

சண்டை ஓய்ந்த ஊரில் வீடு வீடாகப் போய் மனநல ஆய்வு நடத்துகிறவள், அன்று தையல்காரம்மாவின் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாவின் மகனைப் படைக்காரர்கள் விசாரணைக்கென்று கூட்டிப்போனதோடு சரி, ஆள் திரும்பவில்லை.

"உங்க மகன் எப்படிப்பட்டவரா இருந்தாரும்மா?"

"அதென்ன இருந்தார்? இருக்கார்னு சொல்லு." தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அவர் குரல் கேக்கிற மாதிரி தோணுமா?"

"தோணுறதாவது! கேக்கும். போன தடவை வந்தவன் எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு எழுதிட்டுப் போனான். நீயும் எழுதிக்கோ, எனக்கென்ன பயம்?"

அப்படி எழுத அவளுக்குக் கை வரவில்லை. மேலாளருக்கு ஃபோன் போட்டாள்.

"இல்லாத குரல் கேக்குதுன்னா நோய்தான். நோயாளின்னு போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போம்மா," என்றார் அவர்.

அப்போது உள்ளறையிலிருந்து, தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல், "யாரும்மா வந்திருக்கா?" என்றது.

"ஆய்வுக்காரப் பொண்ணுடா. நீ தூங்கு," என்றாள் தையல்காரம்மா, நூலைப் பல்லால் கடித்தபடி.

"பக்கத்துல யாரு, ஆம்பிளைக் குரல் கேக்குது?" என்றார் மேலாளர்.

அவள் எட்டிப் பார்த்தாள். குண்டு விழுந்த உள்ளறைக்குக் கூரையே இல்லை. தரையெல்லாம் புல் மண்டிக் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை; ஓர் ஆள் படுத்த நீளத்துக்கு மட்டும் புல் அமுங்கியிருந்தது.

"தையல்காரம்மா மகன் சார். இருக்கார்," என்றாள் அவள். "இப்ப சொல்லுங்க, நோயாளின்னு யார் யாரைப் போடட்டும்?"