சிவப்புப் பேனா

வெர்னா தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்ததுமே டோரீன் மேசையிலிருந்த மனுத் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தவக்கால வெள்ளிக்கிழமை, இறைச்சி சாப்பிடாத நாள். தீயணைப்பு நிலையக் கூடத்தில் வழக்கமான மீன் விருந்து, ஊரே அங்கேதான் இருந்தது. டோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், மாநிலச் சட்டசபைக்கு நிற்கப் போகிறேன் என்று புறப்பட்டிருந்தாள். வெர்னாவோ, பதினெட்டு வருடமாக அந்த நாற்காலியை விடாத லெஸ்டரின் வலது கை.

எங்கள் தொகுதியில் எதிர்க்கட்சி ஆளே நிறுத்தாது. எங்கள் கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில் ஜெயித்தவர்தான் உறுப்பினர். அதில் லெஸ்டரை எதிர்த்து இதுவரை ஐந்து பேர் மனுப் போட்டார்கள், ஒருவர் பெயர்கூட வாக்குச்சீட்டு வரை போகவில்லை. மனுவில் தொகுதியின் கட்சிக்காரர்கள் முந்நூறு பேர் கையெழுத்து இருக்க வேண்டும். வெர்னா வரிவரியாகப் பிழை பிடிப்பாள், லெஸ்டர் வழக்குப் போடுவார், முந்நூறு என்பது இருநூற்றுச் சொச்சமாகிவிடும். அத்தோடு ஆள் காலி.

"எத்தனை சேர்த்திருக்கே?" என்றாள் வெர்னா.

"முந்நூத்தி முப்பத்தெட்டு."

"காட்டு பாப்போம்."

டோரீனுக்கு வீம்பு வந்துவிட்டது. ஒளிக்க என்ன இருக்கிறது என்று தாள்களைத் தள்ளினாள். அங்கேதான் தப்புச் செய்தாள். வெர்னா கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, விறுவிறுவென்று அடிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க?"

"இது ரெண்டும் ஒரே கையெழுத்து. புருஷனே பொண்டாட்டிக்கும் சேர்த்துப் போட்டிருக்கான். அடுத்தது, இந்த ஆள் வேற தொகுதி, குடி மாறி ரெண்டு வருஷமாச்சு. இவர் போன வாரமே லெஸ்டர் மனுவுல போட்டாச்சு, ஒருத்தர் ரெண்டு பேருக்குப் போடக் கூடாது."

கேட்டவர் முகத்தை முறிக்க மாட்டாத ஊர் எங்களுடையது. லெஸ்டர் நீட்டினாலும் போடுவோம், டோரீன் நீட்டினாலும் போடுவோம். அடிபட்ட வரிகளில் பாதி அந்த மரியாதையால்தான் பாழாகியிருந்தன.

பக்கத்து மேசைக்காரர்கள் மீனை விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் தாளை முடித்து வெர்னா பேனாவை மூடினாள்.

"அம்பத்தொண்ணு போச்சு, மிச்சம் இருநூத்தி எம்பத்தேழு. புருஷனையும் பொண்டாட்டியையும் தனித்தனியா எழுத வைக்கத் தெரியலை, சட்டசபைக்குப் போறாளாம். செவ்வாய்க்கிழமை கடைசி நாள். பேசாம பஸ்ஸை ஓட்டு, டோரீன்."

நாலு பேர் சிரித்தார்கள். டோரீன் தாள்களை வாரிக்கொண்டு வெளியே வந்து, பேருந்தில் ஏறி உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கோபம்தான் மிச்சம் இருந்தது.

ஆற்றுப் பாலத்தை மூடி மூன்று வருடமாகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் மலையைச் சுற்றி நாற்பது நிமிடம் கூடுதலாக ஓட்டுகிறாள். பின் இருக்கையில் ஒரு சின்னப் பெண் தினம் வாந்தி எடுக்கிறது. லெஸ்டரிடம் ஆறு முறை போய்க் கேட்டாள். ஆறு முறையும் ஆவன செய்கிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் இந்த முடிவுக்கே வந்தாள்.

சனி, ஞாயிறு, திங்கள். பனியில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். லெஸ்டருக்குப் போட்டாச்சா என்று முதலில் கேட்டாள். வீட்டுக்காரியை அடுப்படியிலிருந்து வரவழைத்து, அவள் கையாலேயே எழுத வைத்தாள். வெர்னாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே அறுபத்திரண்டு கையெழுத்துச் சேர்த்து, செவ்வாய்க்கிழமை தலைநகருக்குப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆட்சேபணைக்கு ஏழு நாள் அவகாசம். ஏழாம் நாள் காலையில் லெஸ்டரின் வக்கீல் அவர் அலுவலகத்தில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். தேடித் தேடி நாலு வரிதான் பிழை பிடிக்க முடிந்ததாம். வழக்குப் போட்டால் சிரிப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லெஸ்டர் வெர்னா பக்கம் திரும்பினார்.

"உன் கண்ணுக்குமா ஒண்ணும் அகப்படலை?"

"அகப்பட்டுச்சு. அம்பத்தொண்ணு."

"அப்புறம் என்ன? வக்கீலைக் கூப்பிடு."

"அதெல்லாம் இப்ப அதுல இல்லை. அவ மனுக் குடுக்கறதுக்கு முன்னாடியே நான் அடிச்சுட்டேன்."

லெஸ்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. பதினெட்டு வருஷம் கூட இருந்து இப்படிக் கழுத்தறுத்துவிட்டாயே என்று கத்தினார். அவர் ஓய்ந்ததும் வெர்னா சிவப்புப் பேனாவை எடுத்து அவர் மேசையில் வைத்தாள்.

"நான் உங்களுக்குத்தான் ஓட்டுப் போடப் போறேன், லெஸ்டர். ஆனா இதுவரைக்கும் அஞ்சு பேரை வீட்டுக்கு அனுப்பினது நான்தான், ஜனங்க இல்லை. இந்தத் தடவையாவது அவங்களைக் கேப்போம்."