அரை அடித் துண்டு

கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாண வீடு. வாசல் நிலையின் மேலிருந்த அலங்காரச் சட்டத்தில் இரண்டடி கரையான் தின்றதுபோக, அரை அடிதான் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அதே வளைவை எடுக்க ஷேப்பர் மெஷினுக்குப் புதுக் கட்டர் வேண்டும். மரப்பட்டறை நடத்தும் பொன்செல்வி அந்த அரை அடியை அறுத்து, இரு முனையிலும் கையெழுத்திட்டு, மாதிரிக்காகக் கோயம்புத்தூர் கம்பெனிக்கு அனுப்பினாள்.

புதன்கிழமை துண்டு மட்டும் திரும்பி வந்தது. நீளம் ஒன்றரை அடி. இரு முனையிலும் அவள் கையெழுத்து அப்படியே இருந்தது.

கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தாள்.

"கட்டர் அடுத்த வாரந்தானுங்க வரும்," என்றது பெண் குரல். "துண்டு வந்தப்ப அரை அடிதானுங்க. நாங்களே மூணு தடவை பெட்டி மாத்திட்டோமுங்க. கம்ப்ளெயிண்ட் எழுதிக்கட்டுங்களா?"

"வேண்டாம்னு சொல்லுட்டி," என்றான் பக்கத்திலிருந்த கணவன் வன்னியராஜ். "இன்னும் ஒரு நாள் கெடக்குல்லா. பைய வளரட்டும்."

"மரத்துக்கு இருக்க சுறுசுறுப்புகூட உங்களுக்குக் கெடையாது," என்று அவள் சிரித்தாள்.

வியாழன் மாலை துண்டு இரண்டரை அடியைத் தொட்டது. இருவரும் பொருத்தினார்கள். நிலையோடு சேர்ந்த இடமே தெரியவில்லை.

மறுநாள் மணமக்கள் அந்த வாசலில் நுழைந்தார்கள். பாயசம் குடித்துக்கொண்டே பொன்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். நிலையைத் தாண்டி, வெள்ளையடித்த சுவரின் மேல், ஒரு விரற்கடை நீளத்துக்கு அதே வளைவு ஓடியிருந்தது. வன்னியராஜ் அதற்கும் சேர்த்து வார்னிஷ் பூசியிருந்தான்.